குளிக்க வெந்நீர்: விறகா, கேஸா, கரண்டா, வெயிலா?

புரட்டாசிக் கடைசியில் பெய்த மழையில் எங்கள் வீட்டுப் பின்புறத்து வெந்நீர் அடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கும் வீடு. செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய அடுப்பு, அதன்மேல் ஒரு அண்டா, இத்தனை வருடமும் அப்படித்தான் ஓடியது. மார்கழிக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

"மண்ணக் கொழைச்சுப் பூசினா ஒரு நாள் வேலை அம்மிணி. இதுக்குப் போயி எதுக்கு இத்தன ரோசனை?" என்றார் அம்மா. தம்பி கெய்சர் மாட்டிவிடலாம் என்றான். கேஸ் அடுப்பிலேயே ஒரு குண்டா வைத்துக்கொண்டால் போதும் என்பது அப்பாவின் கருத்து. சோலார் என்று சொன்னவள் நான். தம்பி மனைவி மட்டும் வாய் திறக்கவில்லை. விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து அந்த அடுப்பைப் பற்ற வைப்பது அவள்தான்.

சமையலுக்கு சிலிண்டர் வந்து பல வருடம் ஆன வீடுகளிலும் குளியல் வெந்நீர் மட்டும் விறகிலேயே நின்றுவிட்டது. 2016-ல் உஜ்வாலா திட்டம் வந்தபின் கேஸ் இல்லாத வீடு எங்கள் பக்கம் அரிது. ஆனாலும் காலை ஆறு மணிக்குத் தோட்டத்துச் சாலையில் நடந்தால் வீட்டுக்கு வீடு பின்கட்டில் புகை எழுந்துகொண்டுதான் இருக்கும். அது சமையல் புகை அல்ல, குளிக்கத் தண்ணீர் காயும் புகை. சிலிண்டரைத் தண்ணீருக்குச் செலவழிக்க யாருக்கும் மனசு வருவதில்லை. எந்த வழி நம் வீட்டுக்குப் பொருந்தும் என்று ஒரு வாரம் நோட்டும் தராசுமாக உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில், நமக்கு வேண்டியது எவ்வளவு சூடு? ஆளுக்கு ஒரு பக்கெட், அதாவது 20 லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேருக்கு 100 லிட்டர். மார்கழிக் காலையில் மேல்தொட்டித் தண்ணீர் 21 டிகிரிக்கு இறங்கிவிடும். உடம்புக்கு இதமாகக் குளிக்க 41 போதும். ஆக, 100 லிட்டரை 20 டிகிரி ஏற்ற வேண்டும். அதற்கு வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 8.4 மெகாஜூல். கரண்ட் கணக்கில் சொன்னால் இரண்டே கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். எந்த அடுப்பாக இருந்தாலும் தண்ணீருக்குள் போக வேண்டியது இவ்வளவுதான். அதைப் போக வைக்க எவ்வளவு எரிக்கிறோம் என்பதில்தான் எல்லா வித்தியாசமும்.

அடுப்பு விழுந்தபின் தற்காலிகமாக மூன்று கல் வைத்துத்தான் காய வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் தேங்காய்ப் பருப்பு எடை போடும் தராசை எடுத்து வந்து, எரிப்பதற்கு முன் விறகை நிறுத்தேன். ஐந்து பேர் குளித்து முடிக்க நாலே முக்கால் கிலோ ஆனது. நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகாஜூல் இருக்கிறது. அப்படியானால் 71 மெகாஜூல் எரித்து 8.4-ஐத் தண்ணீரில் சேர்த்திருக்கிறோம். நூற்றுக்குப் பன்னிரண்டு. இது எங்கள் வீட்டுக் குறை மட்டுமல்ல. மூன்று கல் அடுப்பு என்றால் பத்திலிருந்து பதினைந்து சதவீதம்தான் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

மீதி எங்கே போகிறது என்று அன்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தீயில் பாதி அண்டாவைத் தொடாமல் பக்கவாட்டில் நாக்கு நீட்டிக்கொண்டு போகிறது. காற்று அடிக்கும்போதெல்லாம் தீ அண்டாவை விட்டு விலகுகிறது. அண்டாவின் வாய் திறந்தே கிடக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு: தண்ணீர் தளதளவென்று கொதித்தபிறகும் "அடுத்த ஆள் வரட்டும்" என்று எரியவிடுவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் 2.26 மெகாஜூல் அதோடு போய்விடுகிறது. ஐந்து பேர் குளிக்கத் தேவையான வெப்பத்தில் கால்பங்குக்கு மேல், ஒரு செம்பு தண்ணீர் ஆவியாவதிலேயே போய்விடும்! ஆவி கிளம்பியதும் விறகை வெளியே இழுத்து, அண்டாவுக்கு மூடி போட்டால் காசு செலவில்லாமல் ஒரு கிலோ விறகு மிச்சமாகும். வேறு எதையும் மாற்ற முடியாதவர்கள் இதையாவது நாளைக்கே செய்யலாம்.

நாம் யாரும் 41 டிகிரிக்குக் காய வைப்பதில்லை. கொதிக்கக் கொதிக்க வைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவுகிறோம். 95 டிகிரியில் 27 லிட்டர் இருந்தால் 73 லிட்டர் பச்சைத் தண்ணீரோடு விளாவி 100 லிட்டர் ஆக்கிவிடலாம். வெப்பக் கணக்கு ஒன்றேதான், ஆனால் பாத்திரம் சிறியதாகிறது. இந்த விளாவும் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சோலாருக்கு வரும்போது இதுதான் கைகொடுக்கிறது.

பழைய அடுக்களைகளில் இருந்த கொடி அடுப்பும் இங்கே நினைவுக்கு வருகிறது. முன் அடுப்பில் உலை வைத்தால் அதிலிருந்து தப்பிய அனல் பக்கத்துக் கண் வழியாகப் போகும். அதன்மேல் ஒரு தவலைத் தண்ணீர் தானாகக் காயும். தனியாக விறகே தேவையில்லை. சமையல் கேஸுக்கு மாறியபோது அந்த இலவச வெந்நீர் நின்றுபோனது, வெளியே தனி அடுப்பு முளைத்தது. கேஸ் வந்ததும் சமையல் விறகு மிச்சமாகிவிட்டது என்று கணக்குச் சொல்பவர்கள் இதைச் சேர்த்துக்கொள்வதில்லை.

விறகு காய்ந்திருக்கிறதா என்பது அடுத்த விஷயம். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிவிட்டுத்தான் விறகு தன் வேலையைத் தொடங்கும். ஆகக் கிலோவுக்கு 15 கிடைக்கிற இடத்தில் எட்டுதான் கிடைக்கும். தீ சூடேறாததால் புகை பல மடங்காகும். நம் ஊர்ப் பருவம் வேறு இதற்கு எதிராக நிற்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் நனைத்துவிட்டுப் போகும், மார்கழியில் விறகு வேண்டும். பங்குனி சித்திரை வெயிலில் பிளந்து காய வைத்து, ஆவணிக்குள் கூரைக்கடியில் ஏற்றிவிட வேண்டும். தோப்பு வீடுகளில் பலரும் மட்டையைத் தென்னை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, வேண்டும்போது உருவி எடுக்கிறோம். நான் நிறுத்த நாளில் விறகு காய்ந்திருந்தது. மழை விட்ட மறுநாள் நிறுத்திருந்தால் எட்டு ஒன்பது கிலோ ஆகியிருக்கும்.

ஈர மட்டை பற்றாதபோது என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தம்பி மனைவி குனிந்து ஊதுகுழலில் ஊதுகிறாள். புகை எழும்பாமல் தரையோடு படர்ந்து, அவள் முகத்தைச் சுற்றி, அடுக்களை ஜன்னல் வழியே உள்ளே போகிறது. மார்கழிக் காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும், அதனால் புகை ஏறவே ஏறாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்த பால் கவரை எடுத்துக் கொளுத்தி உள்ளே திணிக்கிறாள். பற்றிக்கொள்கிறது. நாற்பது வருடமாக அம்மா மண்ணெண்ணெயோ பன்னாடையோ வைத்துச் செய்ததை இன்று ஊர் முழுக்க பிளாஸ்டிக் செய்கிறது. பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரியும் புகையில் இருப்பவை விறகுப் புகையைவிடக் கொடியவை. பிவிசி கலந்திருந்தால் டையாக்சின் என்கிற கொடிய நச்சு வரைக்கும் போகும். பன்னாடை, காய்ந்த பாளை, தேங்காய் நார் எல்லாம் காலடியில் கிடக்கும்போது இது தேவையே இல்லை. விறகைத் தொடர்கிறவர்கள் எதை விட்டாலும் சரி, முதலில் இதை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு, அரளிக் கட்டை ஆகியவையும் அடுப்புக்கு ஆகாது.

வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ல் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 2021-ல் அதே நிறுவனம் நுண்துகளுக்கு வைத்த ஆண்டு வரம்பு ஒரு கன மீட்டரில் 5 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு 40. நம் நாகப்பட்டினம் உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஹாப்பின் ஆய்வில், விறகிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் 70-ஐ ஒட்டியும், கேஸுக்கு மாறியவர்கள் சுவாசித்தது 24-ஐ ஒட்டியும் இருந்தது. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அந்த ஆய்வு மறைக்காமல் சொன்னது. ஒரு வீட்டில் அடுப்பை மாற்றினாலும் பக்கத்து வீட்டுப் புகை வந்துகொண்டே இருக்கும். அடுப்பு வெளியில்தானே இருக்கிறது என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்வதும் அவ்வளவு சரியில்லை. ஊதுகிறவரின் முகம் தீயிலிருந்து ஒரு முழ தூரத்தில்தான் இருக்கிறது.

இனி, சுற்றுச்சூழல் கணக்கு. "விறகு எரித்தால் மரம் விட்ட கார்பன்தான் திரும்பிப் போகிறது, அதனால் பாதகமில்லை" என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். எங்கள் மூன்று கல் அடுப்பு ஒரு நாளைக்கு ஏழு கிலோவுக்கு மேல் விட்டிருக்கிறது. அந்த விறகு மறுபடி வளர்கிற இடத்திலிருந்து வந்திருந்தால் அது திரும்ப உறிஞ்சப்படும். வளராத இடத்திலிருந்து வெட்டி வந்திருந்தால் நிலக்கரிக்கும் அதற்கும் பெரிய பேதமில்லை. அதோடு, சரியாக எரியாத தீயிலிருந்து மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, கரிப்புகை எல்லாம் வருகின்றன. இவற்றை எந்த மரமும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. அண்டாவின் அடியில் படிகிற அந்தக் கரியேதான் காற்றிலும் போகிறது. வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. சில நாள், சில வாரம்தான் வானத்தில் இருக்கும் என்பதால் நாம் நிறுத்தினால் உடனே குறைவதும் அதுதான்.

ஆகவே, விறகு எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இந்த ஒப்பீட்டைச் செய்யவே முடியாது. ஆனைமலை, சத்தியமங்கலம் காட்டோரங்களில் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவரும் விறகுக்கு ஒரு விலை இருக்கிறது. காட்டிலேயே மக்க வேண்டிய கட்டை வெளியே போகிறது, யானை வழியில் எதிரே வருகிறது. அங்கே விறகைக் குறைப்பது உயிர்ப் பிரச்சினை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் எரிவது பெரும்பாலும் சீமைக்கருவேலம். வெட்ட வெட்டத் துளிர்க்கும், நின்று எரியும் நல்ல விறகு. நிலத்தை விட்டு அகற்ற நினைக்கிற மரம் வேறு. அங்கே அடுப்பை நல்ல அடுப்பாக மாற்றினாலே போதும். விறகுக்கடையில் எடை போட்டு வாங்குகிற டவுன் வீடுகள் விறகைத் தொடர ஒரு காரணமும் இல்லை, காசிலும் நஷ்டம்தான்.

எங்களைப் போன்ற தோப்பு வீட்டின் நிலைமை வேறு. தென்னை மாதம் ஒரு மட்டை போடும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் வருடத்துக்கு 840 மட்டை. ஒரு மரமும் வெட்ட வேண்டாம். ஆனால் அதையும் இலவசம் என்று சொல்லிவிட முடியாது. கொட்டாங்குச்சிக்கு நல்ல விலை உண்டு, கரியாகி ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைக்குப் போகிறது. தேங்காய் மட்டை கயிறு ஆலைக்குப் போகிறது. கீற்றை மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் காக்கும், மண்ணாகும். வெள்ளை ஈயும் வேர்வாடலும் தோப்புகளை வதைக்கிற இந்தக் காலத்தில் மண்ணிலிருந்து எடுத்ததையெல்லாம் எரித்துவிடுவது சரியில்லை. கீற்று மண்ணுக்கு, தடித்த அடிமட்டையும் பாளையும் அடுப்புக்கு, சாம்பல் மறுபடி மரத்தடிக்கு என்று நாங்கள் முடிவு செய்தோம். சாம்பலில் இருக்கும் பொட்டாஷ் தென்னைக்குத் தேவையானது.

விறகிலேயே இருந்துகொண்டு அடுப்பை மட்டும் மாற்றுவது எப்படி? நடுவில் நெருப்புக்குழாய் போகும் செம்பு பாய்லர் பல பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் தண்ணீர், நடுவே தீ, மேலே புகைபோக்கி. அனல் வெளியேற வேண்டுமானால் தண்ணீருக்குள் போகும் குழாயைக் கடந்துதான் போக வேண்டும். மேம்பட்ட விறகு அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 25 சதவீதம், விசிறி வைத்ததற்கு 35. நல்ல பாய்லர் 30 சதவீதம் தந்தாலே எங்கள் நாலே முக்கால் கிலோ இரண்டு கிலோவுக்குள் வந்துவிடும். அதைவிட முக்கியம், சுள்ளியைத் துண்டு துண்டாகப் போட்டால் ஊதவே வேண்டியதில்லை, புகைபோக்கியே காற்றை இழுத்துக்கொள்ளும். இரண்டு எச்சரிக்கை மட்டும்: தண்ணீர் இல்லாமல் தீ மூட்டினால் இணைப்புகளை ஒட்டியிருக்கும் பற்றாசு விட்டுப்போகும். மேல்வாயையோ ஆவி போகும் குழாயையோ எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது, உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும்.

கேஸுக்கு வருவோம். அண்டாவைக் கேஸ் அடுப்பில் ஏற்றினால் 60 சதவீதம் வெப்பம் தண்ணீருக்குப் போகும் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 300 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும், குளியலுக்கு மட்டும். கேஸ் கெய்சர் என்றால் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். கார்பன் ஒரு நாளைக்கு 700-லிருந்து 900 கிராம் வரை. புகை கிட்டத்தட்ட இல்லை. நாட்டுக்கு வேண்டிய கேஸில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது என்பது ஒரு குறை. அப்பா சொன்னதில் இன்னொரு சிக்கல், கொதிக்கும் குண்டாவை அடுக்களையிலிருந்து குளியலறைக்கு யார் தூக்கிப் போவது என்பது. எழுபதை நெருங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில், சின்னப் பெண் ஓடி விளையாடும் வீட்டில் அது கூடாது. கேஸ் கெய்சரைக் குளியலறைக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். ஜன்னல் மூடிய சின்ன அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, மயக்கம் வருவதற்குள் காலம் கடந்துவிடும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வெளிச்சுவரில் மாட்டி, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

தம்பி சொன்ன கரண்ட் கெய்சர் சௌகரியத்தில் முதலிடம், சந்தேகமே இல்லை. தண்ணீருக்குள் போவது இரண்டே கால் யூனிட், தொட்டி வெளியே விடும் சூட்டையும் சேர்த்தால் இரண்டே முக்கால். இரண்டு மாத பில்லில் 160 யூனிட் ஏறும். இலவச யூனிட் ஏற்கெனவே ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் போய்விட்டதால் இது முழுக்க மேலடுக்குக் கட்டணத்தில் விழும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழடுக்குகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும். சுத்தமானதா என்றால், வீட்டில் சுத்தம். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. ஒரு நாள் குளியலுக்கு ஒன்றே முக்கால், இரண்டு கிலோ. கேஸைவிட இரண்டு மடங்கு. நம்மிடம் காற்றாலை நிறைய இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் காற்று வீசுவது மே முதல் செப்டம்பர் வரை. வெந்நீர் வேண்டியது மார்கழி, தை மாதத்துக் காலை ஆறு மணிக்கு. அப்போது காற்றும் இருக்காது, வெயிலும் இருக்காது, எரிவது பெரும்பாலும் நிலக்கரி.

வீட்டுக் கூரையில் சோலார் பேனல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறிவிடும். நல்ல உறையுள்ள 25 லிட்டர் கெய்சரை டைமர் போட்டு மதியம் பன்னிரண்டுக்கு ஓடவிட்டால் மாலைவரை சூடு நிற்கும். வாடகை வீட்டில், மாடி உரிமை இல்லாமல் இருப்பவர்களுக்கும் நட்சத்திரக் குறி அதிகமுள்ள கெய்சர்தான் நடைமுறைக்கு ஏற்றது. எர்த்தும், கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் ஆர்சிசிபியும் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பக்கெட்டில் தொங்கவிடும் ஹீட்டர் ராடு மட்டும் வேண்டாம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதை நான் அனுமதிக்கவே மாட்டேன். ஹீட் பம்ப் என்று ஒன்று வந்திருக்கிறது. காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீரில் சேர்ப்பதால் மூன்றில் ஒரு பங்கு கரண்டே ஆகும். நம் ஊர் வெப்பத்துக்கு அருமையாக ஓடும். விடுதிக்கும் மருத்துவமனைக்கும் சரி, ஐந்து பேர் வீட்டுக்கு இன்றைக்கு இருக்கும் விலையில் கட்டாது.

சோலார் வாட்டர் ஹீட்டரைப் பற்றி என் எண்ணம் கணக்குப் போட்டபிறகு இன்னும் உறுதியானது. 100 லிட்டர் அமைப்புக்கு இரண்டு சதுர மீட்டர் வெயில் வாங்கும் பரப்பு. தமிழ்நாட்டில் ஒரு சதுர மீட்டரில் நாளுக்குச் சராசரி ஐந்து யூனிட் வெயில் விழுகிறது. அதில் பாதியைப் பிடித்தாலும் 100 லிட்டர் 60 டிகிரியைத் தாண்டும். இங்கேதான் விளாவும் கணக்கு வருகிறது: 60 டிகிரியில் இருக்கும் 100 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் 41 டிகிரியில் 195 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேருக்கு வேண்டியதைப்போல் இரண்டு பங்கு. மேகம் மூடி பாதி வெயில் மட்டும் விழுந்த நாளிலும் ஒருவருக்கும் குறை வராது. ஐந்து பேருக்கு 200 லிட்டர் வேண்டும் என்று விற்பவர்கள் சொன்னால், ஷவரில் நின்று குளிக்கிறவர்களுக்கு அது சரி. பக்கெட்டில் விளாவிக் குளிக்கிற வீட்டுக்கு நூறே போதும்.

அதன் சங்கடம் உப்புத்தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், பக்கெட்டின் விளிம்பிலேயே வெள்ளை படியும். தகடு வைத்த ரகத்தில் மெல்லிய செம்புக் குழாய்கள் இருக்கும், அவை சில வருடத்தில் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் ரகத்தில் வாய் அகலம் என்பதால் வருடம் ஒருமுறை கழற்றிக் கழுவிவிடலாம். ஆனால் மட்டை விழுந்து ஒரு குழாய் உடைந்தால் தொட்டித் தண்ணீர் முழுதும் போய்விடும், தென்னைக்கடியில் மாட்ட முடியாது. மாடியிலிருந்து குளியலறைக்கு 15 மீட்டர் முக்கால் அங்குலக் குழாய் என்றால் நாலு லிட்டர் குளிர்ந்த தண்ணீர் வந்தபின்தான் சூடு வரும். அதைச் சாக்கடையில் விடாமல் விளாவுகிற பக்கெட்டிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டிக்குள் கரண்டில் சூடாக்கும் பேக்கப் காயில் கேட்டு வாங்காதீர்கள். வாங்கினால் அதன் ஸ்விட்சை யாராவது போட்டே வைத்துவிடுவார்கள், பிறகு காலையில் குளித்தபின் தொட்டியில் வந்து நிரம்பும் குளிர்ந்த தண்ணீரை வெயில் வருவதற்குள் கரண்ட் சூடாக்கிவிடும்.

இதையெல்லாம் மீறி ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் சூரியனே தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் இதுதான் பல மாதத்து நிலைமை, அங்கே தண்ணீரும் இன்னும் குளிர்ந்திருக்கும். அந்த ஊர்களில் புகைபோக்கி வைத்த பாய்லரை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எல்லோரிடமும் படித்துக் காட்டினேன். அம்மாவுக்குச் சந்தேகம், விறகுத் தண்ணீரில் குளித்தால்தான் உடம்பு வலி போகும் என்று. கடைசியில் தம்பி மனைவியிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மழை நாள்ல பத்த வெக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. தெனமும் ஊதறதுதான் முடியல. நெஞ்சு கமறலு பங்குனி வந்தாத்தான் விடுது" என்றாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எங்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

மாடியின் தென்புறத்தில், மட்டை விழாத இடம் பார்த்து, 100 லிட்டர் கண்ணாடிக் குழாய் சோலார் மாட்டினோம். 24,000 ரூபாயும் குழாய் வேலையும் ஆனது. பழைய அடுப்பு இருந்த இடத்தில் மண் பூசவில்லை. பாத்திரக்காரரிடம் சொல்லி ஒரு செம்பு பாய்லர் வாங்கி, அதன் புகைபோக்கியைக் கூரை விளிம்புக்கு மூன்றடி மேலே ஏற்றி, அடுக்களை ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தோம். கார்த்திகையில் வானம் மூடியிருந்த நான்கு நாட்கள் அதைப் பற்ற வைத்தது தம்பி. முதல் நாள் நிறுத்துப் பார்த்ததில் ஒன்றே முக்கால் கிலோ அடிமட்டையும் பாளையும் ஆகியிருந்தது. பன்னாடையில் பற்றிக்கொண்டது, ஊதவில்லை.